629-ல் தொடங்கும் பின்கோடும் பிரீமியம் டிராவல் கார்டும்: எஃப்.டி. கார்டு வழியில் இரண்டு வருடம்

சிபில் (கடன் ஒழுங்குக்கான மதிப்பெண்) 780 காட்டுகிறது, ஆனாலும் செலவுக்கு விமான மைல் தரும் டிராவல் கிரெடிட் கார்டுக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. 629-ல் தொடங்கும் பின்கோடு உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. ஒன்பது மாதம் மட்டுமே ஓடிய ஒற்றைக் கார்டு தரும் 780-ம், ஆறு வருடம் வீட்டுக் கடன் கட்டியவரின் 780-ம் வங்கிக்கு ஒன்றல்ல. நாம் எண்ணைப் பார்த்து விண்ணப்பிக்கிறோம்; அவர்கள் எண்ணுக்குக் கீழே இருக்கிற ரிப்போர்ட்டைப் படிக்கிறார்கள். மொத்தம் எத்தனை கணக்கு, பழையது எந்த வருடம் திறந்தது, இருப்பதில் பெரிய லிமிட் எவ்வளவு, ஈடு வைத்து வாங்கியதா, கடைசி ஆறு மாதத்தில் எத்தனை வங்கிகள் ரிப்போர்ட்டை எடுத்தன என்பதெல்லாம் அங்கே வரிவரியாக இருக்கிறது.

ஆகவே முதல் வேலை ரிப்போர்ட்டை எடுப்பது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களுமே (பீரோக்கள்) வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் கேட்டு வங்கி எடுத்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகும்.

கடன் வரலாறே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் சிலருக்கு உள்ளே வரலாறு இருக்கும். நர்சிங்கோ இன்ஜினியரிங்கோ படிக்க எடுத்த கல்விக் கடன் மாணவர் பெயரிலும், கூடக் கையெழுத்துப் போட்ட அப்பா பெயரிலும் ஏறியிருக்கும். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்த நகைக் கடனும் வரும். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்காக வைத்த வளையலைத் தவணை தாண்டி மீட்டிருந்தால் அந்தத் தாமதமும் சேர்ந்தே வரும். அக்கம்பக்கத்தில் பத்து வருடம் ஒழுங்காகக் கட்டிய சீட்டு மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கல்ஃபிலிருந்து திரும்பியவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் உண்டு. துபாயில் பத்து வருடம் கார்டு வைத்து ஒரு திர்ஹம் பாக்கியில்லாமல் கட்டியிருந்தாலும் அந்தக் கணக்கு அங்குள்ள அல் எதிஹாத் கிரெடிட் பீரோவோடு நின்றுவிடும். இங்கே அவர் புது ஆள்தான். ஊரோடு வந்துவிட்ட பிறகும் வங்கியில் என்.ஆர்.ஐ. என்றே பதிவு கிடந்தால், சாதாரண விண்ணப்பம் அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடியாகும். முதலில் கணக்கை ரெசிடென்ட் என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

எஃப்.டி. கார்டு

வெறும் கையோடு தொடங்குபவர்களுக்கு எஃப்.டி.யை (வங்கியில் போடும் நிரந்தர வைப்பு) ஈடாக வைத்து வாங்கும் கார்டைவிட நம்பகமான வழி இல்லை. வங்கியைப் பொறுத்து டெபாசிட்டில் 75 முதல் 100 சதவீதம் வரை லிமிட் கிடைக்கும். வருமானச் சான்று கேட்பதில்லை. டெபாசிட்டுக்கு வட்டி வழக்கம்போல ஓடும், ஆனால் கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது. இங்கே பலர் தடுக்கி விழுவது டெபாசிட்டை அம்மா பெயரோடோ மனைவி பெயரோடோ ஜாயின்ட்டாகப் போடுவதில்தான். பெரும்பாலான வங்கிகள் ஒற்றைப் பெயர் டெபாசிட்டுக்குத்தான் கார்டு தரும். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் அப்போதே போட்டுவிட வேண்டும்.

50,000 ரூபாய் டெபாசிட், 90 சதவீதம் என்றால் லிமிட் 45,000. பில்லில் நிற்கும் தொகை லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, அதாவது 13,500. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போய்வர 32,000-க்கு ஒரு டிக்கெட் போட்டால் 71 சதவீதம் ஆகிவிடும். செலவு செய்ததில் தவறில்லை. அந்தத் தொகை ஸ்டேட்மென்ட்டில் ஏறுவதுதான் சிக்கல். ஸ்டேட்மென்ட் தேதி 18 என்றால் 15-ம் தேதியே 31,000-ஐக் கட்டிவிட்டால் பில் 1,000 என்று வரும். பணம் கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகும், அதனால் 17-ம் தேதி ராத்திரி வரை இழுக்கக் கூடாது. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை பீரோக்களுக்கு விவரம் அனுப்ப வேண்டும். ஸ்டேட்மென்ட் தேதியில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்ற பழைய கணக்கு இப்போது முழுதாகச் செல்லாது. பெரிய தொகையைச் செலவழித்த ஒரு வாரத்துக்குள் கட்டிவிடுவதே பாதுகாப்பு.

ஆட்டோ டெபிட்டில் ‘மினிமம் டியூ’ (கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) என்பதைத் தொடவே வேண்டாம், முழுத் தொகைக்குப் போடுங்கள். கடைசித் தேதி தாண்டி மூன்று நாள் ஆன பிறகுதான் தாமதம் என்று பீரோவுக்குச் சொல்லலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது ஆட்டோ டெபிட் கோளாறு செய்த நாளுக்கான கயிறு, வழக்கமாக ஆடுகிற ஊஞ்சல் இல்லை. முழுத் தொகையைக் கட்டாமல் விட்டால் ஏறும் மாத வட்டி 3.75 சதவீதம் என்று வைத்தால் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 4.4 சதவீதத்தைத் தாண்டும்.

இந்த எஃப்.டி. கார்டு, விசா, மாஸ்டர்கார்டு போல நம் நாட்டு நெட்வொர்க்கான ரூபேயில் கிடைத்தால் இந்த மாவட்டத்துக்கு அது தனி வசதி. வடசேரி சந்தையிலும் திங்கள்நகர் கடைகளிலும் ஸ்வைப் மெஷினைத் தேட வேண்டியிருக்கும், கியூஆர் அட்டை எங்கும் தொங்கும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் சேர்த்துவிட்டால் மீனும் பழமும் வாங்கிய காசுகூடக் கார்டில் போகும். வியாபாரி கியூஆருக்கு மட்டும்தான். கடைக்காரர் சொந்தக் கணக்கின் கியூஆரை வைத்திருந்தால் பணம் போகாது.

மாதங்கள் நகரும்போது

முதல் ஆறு மாதம் வரை ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லாமல் இருக்கலாம். எண் வந்த மறுவாரமே ‘ப்ரீ-அப்ரூவ்ட்’ எஸ்எம்எஸ் மழை தொடங்கும். இந்த நேரத்தில்தான் அவசரப்பட்டு மூன்று நான்கு வங்கிகளில் ஒரே மாதம் விண்ணப்பிப்பார்கள். ஒரே கணக்கு உள்ள ரிப்போர்ட்டில் நான்கு விசாரணை விழுந்தால், ஐந்தாவது வங்கி ‘பணத்துக்குத் தவிக்கிற ஆள்’ என்றுதான் படிக்கும். போன் வாங்க, துணி வாங்க ஆப்களில் எடுக்கும் ‘பிறகு கட்டலாம்’ கடன்களும் தனித்தனிக் கடனாக ஏறி ரிப்போர்ட்டைச் சில்லறையாக்கும். அவற்றை அறவே தவிர்ப்பது நல்லது.

ஏழாவது மாதத்துக்கும் பன்னிரண்டாவது மாதத்துக்கும் இடையில் ஒரே ஒரு ஈடில்லாக் கார்டு போதும். சம்பளமோ டெபாசிட்டோ இருக்கிற வங்கியின் நெட் பேங்கிங்கில் தானாகத் தெரியும் ஆயுள் இலவசக் கார்டு எதுவானாலும் சரி. விமான நிலைய லவுஞ்ச் (ஓய்வறை) உண்டா என்று இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியதில்லை. பின்னால் பிரீமியம் கார்டுக்குச் சாட்சி சொல்லப்போவது இதுதான். 5 லட்சம் டெபாசிட் போட்டு நாலரை லட்சம் லிமிட் வாங்கி, அதைக் காட்டி வேறு வங்கியில் ‘கார்டு மேல் கார்டு’ கேட்கும் குறுக்குவழி பெரும்பாலும் பலிப்பதில்லை. ரிப்போர்ட்டில் அது ‘செக்யூர்டு கிரெடிட் கார்டு’ என்று தனி வகையாகவே விழும். பல வங்கிகள் அந்த லிமிட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்றரை லட்சம் லிமிட் உள்ள, ஒரு வயது முடிந்த சாதாரணக் கார்டு அதைவிட எடை கூடியது.

பதினெட்டாவது மாதத்துக்கு மேல்தான் பிரீமியம் கார்டுக்கு நேரம். ஏற்கெனவே இருக்கிற கார்டை அதே வங்கியில் உயர்த்திக் கேட்பது எல்லாவற்றிலும் எளிது. அடுத்தது கணக்கில் இருப்பையும் சம்பளத்தையும் காட்டிக் கேட்பது. வேறு வங்கியில் கார்டு மேல் கார்டு அதற்கும் பிறகு. வெறும் ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) காகிதத்தை மட்டும் நம்பிப் போவது கடைசி.

ஐடிஆர் இங்கே ஏன் காலை வாருகிறது

குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்குக் கையில் பணம் புரளும். ஆனால் தோட்டத்திலிருந்து வரும் வருமானம் விவசாய வருமானம், வரி கிடையாது. ஐடிஆரில் அது விலக்கு பெற்ற வருமானமாக ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். வங்கியின் கண் போவது ‘கிராஸ் டோட்டல் இன்கம்’ என்ற வரிக்கு. அங்கே ஒன்றரை லட்சம் என்று நிற்கும். கடை, லாட்ஜ் நடத்துபவர்கள் விற்றுமுதலில் ஒரு பங்கையே வருமானமாகக் கொள்ளும் உத்தேச முறையில் (1961 சட்டத்தில் 44ஏடி பிரிவு) கணக்குக் காட்டினால் 60 லட்சம் டிஜிட்டல் விற்றுமுதலுக்குக் குறைந்தபட்ச 6 சதவீதப்படி வருமானம் 3.6 லட்சம்தான். வரியில் மிச்சம் பிடித்ததெல்லாம் கார்டில் போய்விடும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுக்காரர்களின் வரவு சீசனோடு ஏறி இறங்குவதால், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கும் இடத்தில் மீன்பிடித் தடைக்காலம் உள்ளே விழாத ஆறு மாதமாகப் பார்த்து விண்ணப்பிப்பது புத்தி. இரண்டு வருட ஐடிஆரை ஒரே வாரத்தில் தாக்கல் செய்து எடுத்துக்கொண்டு போனால் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

பெயரும் விலாசமும்

விண்ணப்பம் தடைபட ஸ்கோரைவிடச் சின்ன காரணம் போதும். ஆதாரில் ‘எஸ். ராஜன்’. பானில் இனிஷியல் செல்லாது என்பதால் அப்பா பெயரும் விரிந்து ‘ராஜன் செல்வராஜ்’. பழைய கல்விக் கடனில் ‘ராஜன் எஸ்’. இந்த மூன்றும் பீரோவில் ஒரே ஆளாகச் சேராமல் ரிப்போர்ட் இரண்டாகப் பிரிந்து, நல்ல கணக்கு ஒரு பக்கமும் புதுக் கணக்கு மறுபக்கமும் கிடப்பது உண்டு. ஆதாரையும் பானையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டு, பீரோவிடம் தகராறு (டிஸ்ப்யூட், அதாவது பிழைப் புகார்) பதிவு செய்ய வேண்டும். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது விதி.

விலாசம் அடுத்த தொல்லை. நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியான பிறகும் பழைய விலாசமே சில காகிதங்களில் ஓடிக்கொண்டிருக்கும். கிராமப்புறத்தில் வீட்டுப் பெயர், விளைப் பெயர், தபால் ஆபீஸ் பெயர், ஊராட்சிப் பெயர் நான்கும் நான்காக இருக்கும். விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். அடையாளத்துக்கான கட்டத்தில் மட்டும் ‘குருசடிக்கு எதிர்’ என்பது போலச் சுருக்கமாக. நேரில் வரும் ஆள் வீடு கண்டுபிடிக்காமல் ‘விலாசம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனால், காத்திருந்த மாதங்கள் வீண்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பின்கோடு. 629001-க்குத் தரும் வங்கி 629161-க்குத் தராமல் இருக்கலாம். தேர்ந்தெடுத்த ஊர்களுக்கு மட்டும் தரும் நிறுவனங்களும் உண்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அப்படித்தான். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் பின்கோடு கேட்டு ‘சேவை இல்லை’ என்று சொல்லும் தளம் நல்ல தளம். பான் எண்ணையும் ஒப்புதலையும் வாங்கி, ரிப்போர்ட்டை எடுத்துவிட்டு அதன்பின் சொல்வதுதான் நஷ்டம். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ என்றால் அங்குள்ள விலாசத்தை நடப்பு விலாசமாகக் கொடுத்து விண்ணப்பிக்கலாம், அதற்குச் சான்று இருக்க வேண்டும்.

வீடியோ கேஒய்சிக்கு (வீடியோ அழைப்பில் நடக்கும் அடையாளச் சரிபார்ப்பு) இந்தியாவுக்குள் இருந்தாக வேண்டும், லொகேஷன் ஆன், விபிஎன் ஆஃப். கல்ஃபில் இருந்துகொண்டு முடிக்க முடியாது. அசல் பான் கார்டு கையில் வேண்டும், அதன் ஜெராக்ஸோ போட்டோவோ போதாது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. ‘உள் கொள்கை’ என்று ஒரு வரியோடு முடித்தால் குறிப்பான காரணம் கேட்டு மெயில் அனுப்புங்கள். அதே வங்கியில் ஆறு மாதத்துக்குள் மறுபடி போடுவதில் பயனில்லை.

கிடைத்த பிறகு

5,000 ரூபாய் ஆண்டுக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 5,900. பலர் கணக்குப் பார்க்காமல் விடுவது வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாக எடுக்கும் மார்க்கப் கட்டணம். சாதாரணக் கார்டில் 3.5 சதவீதம், வரியோடு 4.13. பிரீமியம் கார்டில் 2 சதவீதம் என்றால் 2.36. வெளிநாட்டில் ஒரு லட்சம் செலவழித்தால் மிச்சம் 1,770 ரூபாய். இது மட்டும் கட்டணத்தை ஈடுகட்ட 3.3 லட்சத்துக்கு மேல் வெளியே செலவழிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மகளைப் பார்க்க மஸ்கட் போய் வருபவருக்கு மார்க்கப் இல்லாத இலவசக் கார்டே லாபம்.

மைல் கணக்கும் அப்படித்தான். மைல்களை எந்த விமான நிறுவனங்களுக்கு மாற்றலாம் என்ற பட்டியலில், திருவனந்தபுரத்திலிருந்து நீங்கள் உண்மையில் ஏறும் விமானம் இருக்கிறதா? இல்லையென்றால் டிக்கெட்டில் நேராகக் கழித்துக்கொள்ளும் கார்டைப் பாருங்கள். இலவச லவுஞ்சுக்கு முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு என்ற நிபந்தனை பல கார்டுகளில் வந்துவிட்டது; அதற்குக் கியூஆரில் போகும் காசு உதவாது, ஏனென்றால் பிரீமியம் கார்டுகள் பெரும்பாலும் ரூபே இல்லை. நகைக்கடை, காப்பீட்டு பிரீமியம், மருத்துவமனை பில் இவற்றை வைத்துத்தான் எட்ட முடியும். மைல் தராத செலவு வகைகளின் பட்டியலை அதற்கு முன் வாசித்துவிட வேண்டும்.

கார்டு வரும்போது வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும், ஆப்பில் திறக்க வேண்டும். அங்கே மெஷின் ‘ரூபாயிலா, திர்ஹமிலா’ என்று கேட்டால் திர்ஹம்.

புதுக் கார்டு வந்ததும் எஃப்.டி. கார்டை மூடும் வேகம் வேண்டாம். மிகப் பழைய கணக்கு அது. இலவசம் என்றால் மாதம் ஒரு ரீசார்ஜ் போட்டு வைத்திருக்கலாம். கட்டணக் கார்டு ஒத்துவரவில்லை என்றால் புதுப்பிப்பு மாதத்துக்கு முந்தைய மாதமே மைல்களை மாற்றிவிட்டு, பாக்கியைப் பூஜ்யமாக்கி, எழுத்தில் மூடக் கேளுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால், பாக்கி இல்லாத கணக்குக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும். மெயில் அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள்.