‘புரொஃபைல் வீடியோ’ என்று முன்பணம் கேட்கிறார்களா? ராமநாதபுரம் கரையோரப் பாடகர்கள் கவனத்துக்கு

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையோர ஊர்களில் சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். இஸ்லாமியப் பக்திப் பாடல், மாதா கோயில் பாடல், கோயில் கொடைக்குப் போடுகிற கும்மி, நையாண்டி மேளம் எல்லாம் ஸ்பாட்டிஃபையில் இருக்கின்றன. அவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது: “உங்க புரொஃபைல்ல ஓடிக்கிட்டே இருக்கிற மாதிரி வீடியோ போட்டுத் தாரேன்ணே, பெரிய ஸ்டாருக்கெல்லாம் இருக்குல்ல, அதே மாதிரி.”

தொண்டிப் பக்கத்துப் பாடகர் ஒருவரிடம் இதற்கு 18,000 ரூபாய் பேசி, 12,000 முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். ‘5 தளங்களில், வாழ்நாள் முழுக்க, சவுண்ட் டிசைனோடு, கடல் லொக்கேஷன்’ என்பது பேச்சு. கைக்கு வந்தது வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன 15 விநாடி வீடியோ, அதுவும் படுக்கைவாட்டில். பாம்பன் பாலத்தில் ரயில் போகிறது. அதன்மேல் பாடகர் வாயசைக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் பெயர். தளம் அதை ஏற்கவில்லை. பிறகு 8 விநாடிக்கு வெட்டி ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. மாற்றித் தரச் சொன்னபோது, பாடகரின் பக்கம் அவர்கள் கையில் இருப்பது தெரியவந்தது. ‘வருடாந்திரப் புதுப்பிப்புக் கட்டணம்’ என்று இன்னொரு 6,000 கேட்டார்கள்.

அவர்கள் சொன்ன பட்டியலில் ஒவ்வொரு வரியும் பொய். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், விற்கப்படும் பொருளே அந்த வடிவத்தில் கிடையாது. ஸ்பாட்டிஃபையில் கலைஞர் பக்கத்துக்கு அவர் ஏற்றுவது நிலைப்படம், குறைந்தது 750×750 பிக்சல். ஓடுகிற வீடியோவுக்குக் கேன்வாஸ் என்று பெயர். அது ஆளுக்கு இல்லை, பாட்டுக்கு. ஒரு பாட்டுக்கு ஒன்றுதான். புதிதாக ஏற்றினால் பழையது போய்விடும். 3 முதல் 8 விநாடி, 9:16 நிமிர்வடிவம், உயரம் குறைந்தது 720 பிக்சல், எம்பி4 கோப்பு. நடைமுறையில் 1080×1920 கொடுப்பது நல்லது. ஒலி கிடையாது, பின்னால் பாட்டுதான் ஓடும். ஆகவே ‘சவுண்ட் டிசைன்’ என்று பில்லில் ஒரு வரி இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஏற்றுவதற்குக் கட்டணம் கிடையாது, புதுப்பிப்பும் கிடையாது.

‘5 தளங்கள்’ என்பதும் அப்படித்தான். ஆப்பிள் மியூசிக்கில் ஆல்பம் அட்டை அசைகிற வசதி இருக்கிறது. ஆனால் அதற்குச் சதுரத்தில் 3840×3840, நிமிர்வடிவில் 2048×2732 என்று இரண்டு கோப்புகள் வேண்டும். அவை லேபிள் அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைத் தளங்களுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனம்) வழியாகத்தான் போகும். கேன்வாஸுக்குச் செய்ததை இழுத்துப் பெரிதாக்கி அங்கே கொடுக்க முடியாது. ஒரே கோப்பை எல்லா இடத்திலும் போடுகிறேன் என்பவருக்கு ஒன்று தொழில் தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அடுத்தது சாவி. பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இதில்தான். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ் தளத்தில் கலைஞரே தன் பக்கத்தைக் கேட்டு வாங்கலாம், இலவசம். டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகவோ சமூக ஊடகக் கணக்கு வழியாகவோ ஆள் யாரென்று சரிபார்ப்பார்கள். ஏமாற்றுகிறவர் செய்வது, தன் மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கி, சரிபார்க்க மட்டும் உங்கள் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்பது. “அண்ணே, அலைய வேண்டாம், நான் போட்டுக்கிறேன், நம்பர் வந்தா சொல்லுங்க போதும்.” சொன்னதும் அவர் அட்மின் ஆகிவிடுகிறார். ஆட்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் அட்மின் கையில். உங்கள் பெயர், உங்கள் படம், உங்கள் பாட்டு, திறவுகோல் அவரிடம்.

அங்கே மூன்று நிலைகள் உண்டு: அட்மின், எடிட்டர், ரீடர். கேன்வாஸ் ஏற்ற எடிட்டர் போதும். நீங்கள் உங்கள் சொந்த மின்னஞ்சலில் அட்மினாக இருந்துகொண்டு, வேண்டுமானால் வேலை நடக்கும் வாரத்துக்கு மட்டும் அவரை எடிட்டராகச் சேருங்கள், முடிந்ததும் நீக்குங்கள். இதைவிட நல்லது, கோப்பை வாங்கி நீங்களே ஏற்றுவது. மியூசிக் பகுதியில் பாட்டைத் திறந்தால் கேன்வாஸ் சேர்க்கும் பொத்தான் இருக்கும், போனிலேயே செய்யலாம். வெளியாகாத பாட்டுக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பி ‘அப்கமிங்’ பட்டியலில் வந்துவிட்டால், முன்கூட்டியே போட்டு வைக்கலாம்.

சிலர் ஒரு படி மேலே போகிறார்கள்: “பாட்டையும் நம்ம டிஸ்ட்ரிபியூஷன் கணக்கிலேயே போட்டுரலாம்.” அப்படிப் போட்டால் ராயல்டி அவர் கணக்குக்குப் போகும். ஏற்கெனவே சிக்கியிருந்தால், வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாறும்போது பாட்டுப் பதிவின் அடையாளமான 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண், தலைப்பு, அதே ஆடியோ கோப்பு மூன்றையும் மாற்றாமல் கொடுங்கள். எண் மாறினால் இதுவரை எத்தனை முறை கேட்டார்கள் என்ற எண்ணிக்கை புதுப் பதிவோடு சேராது.

இனி ‘கடல் லொக்கேஷன்’. பலருக்கும் விற்கப்படுவது ஒரே கிளிப்தான். கண்டுபிடிக்க நம் ஊர்க்காரர்களுக்குச் சில வழிகள் இருக்கின்றன. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டம் 2022 டிசம்பரோடு நின்றுவிட்டது. நடுவில் செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. போன மாதம் எடுத்தேன் என்கிறவரின் காட்சியில் பழைய பாலத்தில் ரயில் போனால், அது யாரோ எப்போதோ எடுத்தது. அதேபோல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளில் எடுத்ததாகச் சொல்லும் காட்சியில் விசைப்படகுகள் வலை இழுத்துக்கொண்டிருந்தால் கேள்வி கேளுங்கள். சித்திரை, வைகாசியில் எடுத்ததாகச் சொல்லும், பாக் நீரிணைப் பக்கத்துத் தேவிபட்டினக் கடல் கொந்தளித்தாலும் சந்தேகப்படலாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் பொங்கும், பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். வாடைக்கு இது தலைகீழ். வேறொருவர் எடுத்த காட்சியை உரிமை இல்லாமல் ஏற்றினால், புகார் வரும்போது நீக்கப்படுவது உங்கள் பக்கத்தில். விற்றவருக்கு ஒன்றும் ஆகாது.

தீவுக்குக் கூட்டிப்போய் எடுக்கிறேன், டிரோன் விடுகிறேன் என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்கவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்வாழ் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் இறங்குவது குற்றம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. டிரோன் எங்கே விடலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று காட்டச் சொல்லுங்கள். ‘சொல்லிக்கலாம்ணே’ என்பவர் மாட்டும்போது போனை எடுக்க மாட்டார்.

வேலைத் தரத்துக்கு வருவோம். லூப் (முடிந்ததும் முதலிலிருந்து சுழலும் காட்சி) என்றால் முதல் பிரேமும் கடைசிப் பிரேமும் தையல் தெரியாமல் சேர வேண்டும். இதைச் செய்யத் தெரியாதவர்கள் முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி ஒப்பேற்றுவார்கள். ஊஞ்சலுக்கு அது சரி. அலைக்கு ஆகாது: உடைந்த நுரை மறுபடி சேர்ந்து கடலுக்குள் போவதைக் கரையில் பிறந்த எவரும் ஒரு நொடியில் பிடித்துவிடுவார்கள். புகை, நடக்கிற ஆள், கொட்டுகிற மணல் எதற்கும் ஆகாது.

சரியான முறை சிரமமானது இல்லை. டிரைபாடில் அசையாமல் வைத்து, எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்), ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட்டு ஒரே டேக்காக எடுக்க வேண்டும். அதில் 8 விநாடியை எடுத்து, நடுவில் 4-ஆவது விநாடியில் வெட்டுங்கள். பின்பாதியை முன்னால் வையுங்கள், முன்பாதியைப் பின்னால். இரண்டும் சேருகிற இடத்தில் 1 விநாடி ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, ஒன்று மங்க மற்றது தெளிகிற கிராஸ் டிசால்வ் கொடுங்கள். மொத்தம் 7 விநாடி வரும், விநாடிக்கு 25 பிரேம் என்றால் 175 பிரேம். இப்போது கோப்பின் கடைசிப் பிரேமும் முதல் பிரேமும் எடுக்கும்போதே அடுத்தடுத்து இருந்தவை. அந்த இடத்தில் வெட்டே இல்லை. தையல் நடுவே டிசால்வில் மறைந்துவிடும். எக்ஸ்போஷர் பூட்டாமல் விட்டால் மேகம் நகர்ந்ததும் வெளிச்சம் மாறி, டிசால்வில் படம் மூச்சுவிடுவதுபோல் தெரியும். போன் கேமரா சில நேரம் பிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். எடிட்டுக்கு முன் நிலையான 25-க்கு மாற்றாவிட்டால் அசைவு தடுக்கும்.

ஆள் இருக்கும் காட்சியில் இதே டிசால்வ் இரட்டை முகமாகத் தெரியும். அதற்கு ஆளை ஒரே பிரேமில் உறைய வைத்து, மாஸ்க் போட்டு (ஆளின் ஓரத்தோடு வெட்டிப் பிரித்து), பின்னால் கடலை மட்டும் ஓட விடுவார்கள். காற்றில் பறக்கும் முடி, துண்டு, முந்தானை எல்லாம் மாஸ்க் ஓரத்தில் நடுங்கும். தனுஷ்கோடியில் இது நிச்சயம் நடக்கும். காற்று மறைவான இடம் பார்க்க வேண்டும், டிரைபாடின் நடுக்கொக்கியில் மணல் மூட்டை தொங்கவிட வேண்டும். இதெல்லாம் கேட்டால் முழிக்கிறவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாயசைப்பு வேண்டாம் என்று ஸ்பாட்டிஃபையே அறிவுறுத்துகிறது. 7 விநாடி சுழலும் உதடு 4 நிமிடப் பாட்டோடு எங்கேயும் ஒட்டாது. தவில் அடிப்பதும் அப்படியே. தவிலை மடியில் வைத்துக் கை ஓய்ந்திருக்க, குஞ்சம் மட்டும் ஆடினால் எத்தனை சுற்றுக்கும் தாங்கும். பாட்டுப் பெயரும் பாடகர் பெயரும் திரையில் ஏற்கெனவே வரும், படத்துக்குள் எழுத வேண்டாம். மளமளவென்று வெட்டுவதும் மின்னி மின்னி அடிப்பதும் கூடாது. கொடை இரவின் சீரியல் லைட்டை எடுப்பதென்றால் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மற்ற வேகங்களில் பட்டை பட்டையாக ஓட வாய்ப்பு அதிகம்.

முகத்தை நடுவில் வைத்தாரா என்று பாருங்கள். கீழ்ப்பகுதியைப் பாட்டுப் பெயரும் பொத்தான்களும் மறைக்கும். 20:9 திரையுள்ள போனில் 9:16 படம் உயரம் நிரம்ப விரியும்போது இடது, வலது ஓரங்களில் ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு வெட்டுப்படும். 1080 பிக்சல் அகலத்தில் தெரிவது 864 பிக்சல்தான். ஓரத்தில் நிற்கிற ஆர்மோனியக்காரர் அநியாயமாகக் காணாமல் போவார். உச்சி வெயிலில் எடுத்த வெள்ளை மணலின் மேல் பாட்டுப் பெயரின் வெள்ளை எழுத்தும் தெரியாது.

மீதிப் பணம் கொடுக்கும் முன் கோப்பை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். விவரப் பக்கத்தில் நீளமும் அளவும் பாருங்கள். பிளேயரில் ரிப்பீட் போட்டுச் சோதிப்பது நம்பகமில்லை, பல பிளேயர்கள் தாங்களே ஒரு நொடி திணறும். அதே கிளிப்பை நான்கு முறை ஒட்டி ஒரே கோப்பாக இன்னொன்று கேளுங்கள். அதில் தையல் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். சுற்று திரும்பும் இடத்தில் கணநேரம் நின்று போனால், முதல் பிரேமும் கடைசிப் பிரேமும் ஒன்றாக இருக்கும்; ஒன்றை நீக்கச் சொல்லுங்கள், நிமிட வேலை.

இந்த வீடியோவோடு ‘ஸ்ட்ரீம் ஏத்தித் தாரேன்’ என்று இலவச இணைப்பும் வரும். 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமுக்குக் குறைந்தால் அந்தப் பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை, 2024 முதல் இதுதான் விதி. அதை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள். ஆனால் போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் அதே 2024 முதல் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அபராதம் உண்டு. அவர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டையே இறக்கியும் விடலாம்.

ஏற்கெனவே அட்மின் பறிபோனவர்கள் அவரோடு பேரம் பேச வேண்டாம். ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்டிஸ்ட்ஸ் உதவிப் பக்கத்தில், டிஸ்ட்ரிபியூட்டரிடம் உங்கள் பெயரில் இருக்கும் பாட்டு விவரத்தை ஆதாரமாக வைத்து எழுதுங்கள். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை அன்றே மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். பாஸ்வேர்டு, ஓடிபி வாங்கி ஏமாற்றியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். யுபிஐ பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும், நாள் தள்ளினால் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். வேலை மட்டும் மோசம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டுக்கும் முன்னால், அவர் மெசேஜ்களை அழிப்பதற்குள் அந்த வாட்ஸ்அப் உரையாடலை வாய்ஸ் மெசேஜ்களோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.