மேலே மிதக்கும் எண்ணெயை வடித்துவிடாதீர்கள்

வறுத்த வேர்க்கடலையைத் தவிர வேறெதுவும் சேர்க்காத பீநட் பட்டரைத்தான் சில ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வாங்குகிறோம். சர்க்கரை கிடையாது, பாமாயில் கிடையாது. சுவையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மூடியைத் திறந்தால் மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் நிற்கும். அடியில் கத்தி இறங்காத கட்டி. கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்களையும் எனக்குத் தெரியும்.

அது கெட்டுப்போனதல்ல. வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அரைக்கும்போது அந்த எண்ணெய் வெளியே வந்துவிடுகிறது. கடலைத் துகள் கனமானது, எண்ணெய் லேசானது. நாளாக ஆகத் துகள்கள் அடியில் படிந்து இறுகுகின்றன. பிரியாமல் நிற்கும் வகைகளில் ஹைட்ரஜனேற்றிய (ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கிய) தாவரக் கொழுப்பையோ பாமாயிலையோ சிறிதளவு சேர்த்திருப்பார்கள். எளிதில் உருகாத அந்தக் கொழுப்பு, கடலை எண்ணெயை நகரவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஹைட்ரஜனேற்றத்தால் பிரியாமல் நிறுத்தும் முறைக்கு அமெரிக்காவில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு 1920களிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். எனவே, எண்ணெய் மிதப்பதைப் பார்த்தால் அப்படி எதுவும் சேர்க்கவில்லை என்று எனக்கு நம்பிக்கைதான் வருகிறது.

கொழுப்பு குறையட்டும் என்று பலர் அந்த எண்ணெயை வடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மிஞ்சுவது பிண்ணாக்கு போலத் தொண்டையை அடைக்கும். பாதி டப்பா தீர்ந்த பிறகு சப்பாத்தியில் தடவவே வராது. கொழுப்பு வேண்டாமென்றால் ஒரு கரண்டி குறைத்துச் சாப்பிடலாம்.

எங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட முறை இது. வாங்கி வந்ததும் மூடியை இறுக்கி, ஒரு தட்டின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து இரவு முழுக்க வைத்துவிடுவோம். தட்டு அவசியம், சில மூடிகள் கசியும். காலையில் நிமிர்த்தும்போது எண்ணெய் கொஞ்சமாவது கட்டிக்குள் இறங்கியிருக்கும். பிறகு நீளமான, அகலம் குறைந்த கத்தியை அடி வரை செலுத்தி, சுவரும் அடியும் சேரும் ஓரத்தைச் சுற்றிச் சுரண்டி, மெதுவாக மேலே தூக்க வேண்டும். வேகமாகச் சுழற்றினால் எண்ணெய் மட்டும் வழியும். முதலில் திட்டுத்திட்டாக வரும். கை வலிக்கத் தொடங்கும் நேரத்தில் நிறம் ஒன்றாகி, மேற்பரப்பு பளபளக்கும். கத்தியைத் தூக்கினால் அறுபடாமல் வழிந்து விழுந்தால் கலந்துவிட்டது என்று பொருள். கட்டி மிகவும் இறுகியிருந்தால் கண்ணாடிப் புட்டியை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் இளகிவிடும்.

கலந்த கையோடு ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். இதுதான் முக்கியம். குளிரில் எண்ணெய் தடித்துவிடுவதால் துகள்கள் படிவதில்லை. ஒருமுறை பட்ட பாடு டப்பா தீரும் வரை பலன் தருகிறது. சென்னை வெயிலில் வெளியே வைத்தால் சில நாள்களிலேயே மறுபடியும் பிரிந்துவிடும், காறலும் சீக்கிரம் வரும். ஃபிரிட்ஜில் வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு: இறுகியதை ரொட்டியில் தடவினால் ரொட்டி கிழியும். வேண்டியதை மட்டும் முன்கூட்டியே சிறு கிண்ணத்தில் எடுத்து வெளியே வைத்துவிடுகிறோம். சூடான தோசைக்கு அந்தக் காத்திருப்பும் தேவையில்லை. கல்லிலிருந்து எடுத்ததும் வைத்தால் தானே உருகிப் பரவும்.

ஈரக் கரண்டியை மட்டும் உள்ளே விடாதீர்கள். தண்ணீர் பட்ட இடம் திரண்டு கெட்டியாகும், பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை தெரிந்தாலோ பூசண வாடை வந்தாலோ மேலாகச் சுரண்டிவிட்டுச் சாப்பிடாமல் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். வேர்க்கடலையில் பூஞ்சையால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகக்கூடும்.

வாங்கும்போது வாய் அகன்ற புட்டியாகப் பாருங்கள். சிறிய குடும்பத்துக்கு ஒரு கிலோ டப்பா வேண்டாம். அதன் அடியை எட்டும் கத்தி பல வீடுகளில் இருக்காது. தயாரிப்பவர்களிடமும் ஒரு கோரிக்கை: கலக்க வேண்டிய பொருளை விளிம்பு வரை நிரப்பி அடைக்காதீர்கள். மேலே இரண்டு விரல் இடம் விட்டால் போதும், பாதி எண்ணெய் மேடைமேல் வழியாது.