பிரஷர் மெஷினும் 2 வெள்ளி நோட்டும்: பினாங்கு வீடொன்றில் ஆறு ஆண்டுப் பயன்பாடு

மேல் கையில் சுற்றும் தானியங்கி பிரஷர் மெஷினை, வயதான இருவருக்காக, ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை இவை. மெஷின் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதைவிட அதிகப் பலன் தந்தது பக்கத்திலேயே இருக்கும் 2 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள நோட்டுப் புத்தகம்தான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். அரசாங்க கிளினிக்கில் ஏன் அவ்வளவு கூட்டம் என்பது இதிலேயே விளங்கும். டாக்டரிடம் கிடைக்கிற சில நிமிடங்களில் "வீட்டில் சில நாள் கூடுது, சில நாள் குறையுது" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒழுங்காக எழுதிய ஒரு பக்கத்தை நீட்டினால் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று அங்கேயே முடிவாகும்.

வாங்கும்போது பலரும் விலையையும் திரையையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கையில் சுற்றும் பட்டையின் அளவு. பெட்டியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் தையல் டேப்பைச் சுற்றி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 34 செ.மீ. கைக்கு அந்தப் பட்டை பொருந்தாது. 32 முதல் 42 வரையிலான பெரிய பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சின்னப் பட்டை தமனியை அழுத்தி மூடக் கூடுதல் காற்று தேவைப்படுகிறது, மெஷின் அந்தக் கூடுதலையும் சேர்த்து உங்கள் பிரஷர் என்று காட்டிவிடுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் இதை அளந்து பார்த்தார்கள். பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் எண் சராசரியாக 4.8 கூடியது, மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 19.5 கூடியது. இல்லாத பிரஷருக்கு மாத்திரை கூட்ட அது போதும்.

மணிக்கட்டில் கட்டும் வகையைப் பரிந்துரைக்க மாட்டோம். கை சற்று மேலே கீழே போனாலும் எண் மாறுகிறது.

அளக்கும் முறைக்கு வருவோம். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன். மாலையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ படுக்கப் போகும் முன்போ, எதுவானாலும் தினமும் ஒரே நேரம். கோப்பி, தே தாரிக், சிகரெட், உடற்பயிற்சி இவற்றுக்குப் பிறகு குறைந்தது 30 நிமிடம் போகட்டும். தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறி இறங்கி வந்தவர்கள் அவசரப்பட்டுப் பட்டையைச் சுற்ற வேண்டாம். சாய்மானமுள்ள நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் பதித்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். டிவி, கைத்தொலைபேசி, பேச்சு எதுவும் கூடாது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, சட்டைக் கையின் மேல் அல்லாமல் தோலின் மேல்.

அதிகம் தப்பு நடப்பது கையை வைக்கும் இடத்தில். பட்டை இருதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே 10 செ.மீ. இறங்கினால், அந்த உயரத்துக்கான ரத்தத்தின் எடையே 7 அல்லது 8 எண்ணைக் கூட்டிவிடும். சோபாவில் உட்கார்ந்து மடியில் கை வைத்து அளப்பவர்களுக்கு எப்போதும் அதிகமாகவே காட்டுவது இதனால்தான். சாப்பாட்டு மேசையில் கையை நீட்டி, தேவையானால் கீழே ஒரு மடித்த துண்டு வைத்தால் சரியாகிவிடும்.

ஒரு தடவை அளந்ததும் ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை. பட்டை இறுகியதும் உடம்பு லேசாக விழித்துக்கொள்வதால் முதல் எண் பொதுவாகக் கூடுதலாக வரும். எது பிடிக்கிறதோ அதை எழுதாமல் இரண்டையும் எழுதுங்கள். ஆரம்பத்தில் ஒரு நாள் இரு கையிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் கையையே பிறகு பயன்படுத்த வேண்டும். இரண்டுக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆண்டு முழுதும் தினமும் அளக்கத் தேவையில்லை. அது மனக்கவலையைத்தான் வளர்க்கும். கிளினிக் தவணைக்கு முந்தைய 7 நாள் போதும். நாளுக்கு 4 எண் வீதம் 28. முதல் நாள் நான்கையும் ஒதுக்கிவிட்டு மீதி 24-இன் சராசரியைப் பக்கத்தின் உச்சியில் பெரிதாக எழுதுங்கள். வீட்டுச் சராசரியில் மேல் எண் 135 அல்லது கீழ் எண் 85-ஐத் தொட்டால் உயர்வு என்று கணக்கு. கிளினிக்கில் அளக்கும்போது அந்தக் கோடு 140/90. இனிப்பு நீர் (நீரிழிவு), சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இலக்கு வேறாக இருக்கலாம். டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

ஒரு வரி இப்படி இருக்கும்: "செவ்வாய், காலை 6.40, இடது கை, 148/86, நாடி 72. 141/84, நாடி 70. லூப்பா மாக்கான் ஊபாட் (நேற்று இரவு)." கடைசியில் உள்ள மலாய்க் குறிப்பைக் கவனியுங்கள், மருந்து சாப்பிட மறந்துவிட்டது என்று பொருள். தமிழில் எழுதினால் நமக்கு வசதி. ஆனால் அதைப் படிக்கப் போகிற டாக்டருக்கும் தாதிக்கும் பெரும்பாலும் தமிழ் தெரியாது. எண்ணை மாற்றக்கூடிய எதையும் இந்தக் குறிப்பில் சேர்க்கலாம்: தூக்கமின்மை, காய்ச்சல், மூக்கடைப்பு மாத்திரை, மூட்டு வலிக்குச் சாப்பிட்ட டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுப்ரோஃபென், முந்தின நாள் சாப்பிட்ட கருவாடு. வலி மாத்திரையை யாரும் சொல்வதில்லை, ஆனால் பிரஷர் ஏறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 148-ஐ 150 என்று முழுமையாக்க வேண்டாம்.

மெஷினிலேயே நினைவகம் இருக்கிறதே என்பார்கள். பேட்டரி மாற்றியதும் தேதி பழைய நிலைக்குப் போய்விடும், இருவர் பயன்படுத்தினால் எண்கள் கலந்துவிடும், புளூடூத் செயலி கைத்தொலைபேசி மாற்றும்போது காணாமல் போகலாம். நோட்டு அப்படியே இருக்கும்.

பினாங்கின் ஈரக்காற்றில் முதலில் கெடுவது பட்டை. துணியை லேசான சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வாஷிங் மெஷினில் போடக் கூடாது. வெல்க்ரோவில் நூலும் தூசும் சேர்ந்தால் பட்டை நடுவில் பிரிந்துகொள்ளும். பழைய பல் துலக்கியால் வாரினால் மறுபடி பிடிக்கும். டியூபை மெஷினைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பதால் அடிப்பகுதியில் விரிசல் விட்டு காற்று கசியும். காற்று ஏற வழக்கத்தைவிட நேரமானாலோ, ஏறி ஏறி இறங்கினாலோ முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். பட்டையை மட்டும் மாற்றினால் போதும். மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பேட்டரி நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு மாதம் பயன்படுத்தாவிட்டால் கழற்றி வையுங்கள், கசிந்து கம்பியை அரித்துவிடும்.

துடிப்பு ஒழுங்கில்லை என்ற அடையாளம் திரையில் வந்தால் கை அசைந்ததா என்று பார்த்து மறுபடி அளக்கவும். அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு இந்த மெஷினின் எண்ணை முழுதாக நம்ப முடியாது. 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல் இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள். அறிகுறி ஏதும் இல்லையென்றால் 5 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, அப்படியே இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். எண் குறைந்திருக்கிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்துவது ஆபத்து.

ஆண்டுக்கு ஒருமுறை மெஷினையும் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். அதே கை, அதே நாற்காலி. தாதியின் மெஷினிலும் உங்களுடையதிலும் ஒரு நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றி அளக்கச் சொல்லிக் கேளுங்கள். வித்தியாசம் 5-க்குள் இருந்தால் கவலையில்லை, 10-ஐத் தாண்டினால் பட்டையை மாற்றிவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள். தேதியையும் இரண்டு மெஷின்களின் எண்களையும் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு புதிதாக வந்த டாக்டரும் அந்த நோட்டில் உள்ள எண்களை நம்பி மருந்து எழுதுவார்.