1 ஸ்டாரை 4 ஆக்க வந்திருக்கேன்: பாகு தெர்மாமீட்டர், ஊட்டி கிச்சன்ல இருந்து

போன வாரம் இதே சாமானுக்கு ஒரு ஸ்டார் போட்டு, டுபாக்கூர், யாரும் வாங்காதீங்கன்னு எழுதிட்டுப் போனது நான்தான். அதை அழிச்சிட்டு 4 போடுறேன். மெஷின் மேல தப்பில்ல.

விஷயம் என்னன்னா, வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு பக்கத்து வீட்டுல இருந்து குல்குல்லும் ரோஸ் குக்கீஸும் டப்பா டப்பாவா வரும், நாங்க பதிலுக்கு பேக்கரில வர்க்கி வாங்கிக் குடுத்தே ஓட்டிட்டு இருந்தோம், இந்த தடவையாவது கையால செஞ்சு குடுப்போம்னு முந்திரி பாதாம் நிலக்கடலை மூணையும் காரம் போட்டு சர்க்கரைப் பாகுல புரட்டி எடுக்கலாம்னு இறங்கினேன். பாகு 115 டிகிரி வந்ததும் அடுப்பை அணைச்சிட்டு நட்ஸைக் கொட்டிக் கிளறணும்னு செய்முறை. அதுக்குத்தான் இந்த டிஜிட்டல் குச்சி, 500 ரூபாய்க்குள்ள.

115 வந்துச்சு, அணைச்சேன், கொட்டினேன். நாலு கிளறு கூட ஆகல, மொத்தமும் கல்லு! பாதி முந்திரில பாகே ஒட்டல, மீதி பாதி கரண்டியோட சேந்து ஒரே உருண்டை. வாணலி அடில பிடிச்சதை சுடுதண்ணி ஊத்தி ராத்திரி பூரா ஊற வச்சுத்தான் எடுத்தேன். அப்புறம் சந்தேகம் வந்து வெறும் தண்ணியக் கொதிக்க வச்சு குச்சிய விட்டுப் பாத்தா 93ல நிக்குது, தளதளன்னு கொதிக்குது ஆனா 93க்கு மேல ஏறவே மாட்டேங்குது. தண்ணி 100ல கொதிக்கும்னு ஸ்கூல் புள்ளைக்கே தெரியும், வந்த கோவத்துல அப்பவே ரிவ்யூ எழுதிட்டேன்.

ரிட்டர்ன் போடுறதுக்குள்ள ஊருக்கு வந்திருந்த தம்பி, குடுக்கா நான் பாக்குறேன்னு எடுத்துட்டுப் போயிட்டான். மேட்டுப்பாளையத்துல அவன் வீட்டு அடுப்புல அதே குச்சி, கொதிக்கிற தண்ணில 99! "அக்கா, மலை மேல காத்தழுத்தம் கம்மிக்கா, அங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும்"னு போன்ல சிரிக்கிறான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குறையும்னு கணக்கு போட்டா 93 கிட்டதான் வருது. குக்கர் இல்லாம இங்க துவரம்பருப்பு வேகாதுன்னு கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து புலம்புறவ நான், பாகுன்னு வந்ததும் அது மண்டைல ஏறவே இல்ல.

கீழ 115ல வர்ற உருட்டுப் பதம் (தண்ணில சொட்டு விட்டா விரல்ல உருட்ட வர்ற பதம்) நமக்கு 108லயே வந்துரும். நான் 115 வரைக்கும் விட்டதுல தண்ணி அதிகமா வத்தி கெட்டிப் பதம் ஆயிருக்கு, அதான் கொட்டின உடனே இறுகிடுச்சு. மலைல இருக்கறவங்க யாரு வாங்கினாலும் முதல் வேலையா கொதிக்கிற தண்ணில விட்டுப் பாருங்க, 100க்கு எவ்வளவு கொறையுதோ அதை செய்முறைல இருக்கற நம்பர்ல கழிச்சிருங்க. கொடைக்கானலுக்கும் கிட்டத்தட்ட எங்க கணக்குதான், குன்னூர் கோத்தகிரில ஒரு டிகிரி அதிகமாக் காட்டும்.

ரெண்டாவது தடவை 250 கிராம் நட்ஸை முன்னாடியே வறுத்து வச்சுக்கிட்டு, 150 கிராம் சர்க்கரை, 60 மில்லி தண்ணி. 108ல அணைச்சு நட்ஸைப் போட்டுக் கிளறக் கிளற சர்க்கரை வெள்ளையா மணல் மாதிரி பூத்து ஒவ்வொரு கடலை மேலயும் சொரசொரன்னு பிடிச்சுச்சு. பட்டைத்தூள், மூணு கிராம்பு இடிச்சது, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் அணைச்சதுக்கு அப்புறம்தான், முதல் தடவை மிளகாய்த்தூளைக் கொதிக்கிற பாகுல போட்டு வீடே இருமுச்சு.

ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்? கிளிப் நம்ம வாணலி விளிம்புல நிக்கவே நிக்காது, சாஸ்பேனுக்குன்னு செஞ்சது போல. பாகு கொஞ்சமா இருந்தா முனை முங்காது, வாணலிய சாய்ச்சுப் பிடிக்கணும், அடில தொட்டுட்டா நம்பர் எகிறிடும். பத்து நிமிஷத்துல தானா ஆஃப் வேற ஆகுது, கைல கரண்டியோட இருக்கறப்ப அது ஆஃப் ஆனா எரிச்சலா வரும்.

அப்புறம் பேக்கிங். டிசம்பர் பனிமூட்டத்துல தட்டுல பரத்தி வச்சுட்டு டீ குடிச்சிட்டு வந்தா பிசுபிசுன்னு ஆயிடுது, சூடு ஆறின கையோட இறுக்கி மூடுற கண்ணாடி பாட்டில்ல போட்டுருங்க. நீலகிரில பிளாஸ்டிக் கவருக்குத்தான் தடையாச்சே, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி வெயில்ல காய வச்சு ரிப்பன் கட்டினேன், பாக்கவும் நல்லாத்தான் இருந்துச்சு.

108 காட்டினப்ப அத்தை பக்கத்துல வந்து கிண்ணத்துத் தண்ணில ஒரு சொட்டு பாகை விட்டு, ரெண்டு விரல்ல உருட்டிப் பாத்துட்டு, "சரியாத்தான் இருக்கு கண்ணு, அந்தக் குச்சி என்ன சொல்லுது?"ன்னு கேட்டாங்க.