வூர்ஸ்ட்மார்க்டா, மெரானோவா: ஒயின் விழாவுக்கு எங்கே போவது?

ஒயின் விழாவுக்காக ஐரோப்பா போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒயினின் பெயரைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தலைகீழ் வழி. உட்கார்ந்து குடிக்க விருப்பமா, நின்று சுவைக்க விருப்பமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் ஊர் தானாக அமைந்துவிடும். ஊற்று நீருக்கும் திராட்சைக்கும் ஒருசேரப் பெயர்பெற்ற இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஜெர்மனியின் ஃபால்ஸ் வட்டாரத்தில் இருக்கும் பாட் டூர்க்ஹைம். மற்றொன்று, இத்தாலியின் வடகோடியில் தென் டிரோல் மலைகளுக்கு நடுவே இருக்கும் மெரானோ. ஊர் இரண்டுதான், விழாவோ மூன்று. மெரானோவில் அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாட் டூர்க்ஹைம் விழாவின் பெயர் வூர்ஸ்ட்மார்க்ட், அதாவது தொத்திறைச்சிச் சந்தை. பெயர் என்னவாக இருந்தாலும், உலகின் மிகப் பெரிய ஒயின் திருவிழா தங்களுடையதே என்று அவ்வூர்க்காரர்கள் மார்தட்டிக்கொள்கிறார்கள். செப்டம்பரின் இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளையொட்டி நடக்கும் இதற்கு 6 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஊரையொட்டிய மிகேல்ஸ்பெர்க் குன்றின் சிற்றாலயத்துக்கு யாத்திரை வந்தவர்களுக்கு, சுற்றுவட்டார உழவர்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளில் ஒயினும் உணவும் கொண்டுவந்து விற்றார்கள். அந்த வியாபாரம்தான் சந்தையாக வளர்ந்தது. 2016இல் 600ஆவது விழாவைக் கொண்டாடினார்கள்.

அந்தத் தள்ளுவண்டிகளின் பெயரைத் தாங்கிய 36 சிறு கூடாரங்கள்தான் விழாவின் உயிர். ஒவ்வொன்றிலும் குறுகலான நீண்ட மேசை, அதைவிடக் குறுகலான பெஞ்சு. கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல, எழுந்திருப்பவரைப் பார்த்துக் காத்திருந்து உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அந்நியர் அல்லர். அவருடைய கிளாஸ் உங்கள் கைக்கு வரும், உங்களுடையது அவரிடம் போகும். கிளாஸ் என்றால் அரை லிட்டர் கொள்ளளவு. சுற்றிலும் குழிகள் பதித்த அதற்கு டுப்பேகிளாஸ் என்று பெயர். கசாப்புக் கடைக்காரர்களின் கொழுப்புப் படிந்த கையிலிருந்து வழுக்காமலிருக்கவே குழிகள் வந்தன என்று கதை சொல்வார்கள்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. அரை லிட்டர் ரீஸ்லிங் வெள்ளை ஒயின் என்பது ஒரு பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே ஷோர்லே கேளுங்கள். ஒயினில் சோடா கலந்த பானம். ஆனால் ஃபால்ஸ்காரர்கள் சோடாவை ஊற்றும் விதத்தைப் பார்த்தால், அது ஏதோ சம்பிரதாயத்துக்கு என்று தோன்றும். விழாவில் ஊற்றுவது பாட் டூர்க்ஹைம் தோட்டங்களின் ஒயின்தான். சத்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மைதானத்திலேயே ‘ஒயின் கிராமம்’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே சிறிய கிளாஸில் நிதானமாகச் சுவைக்கலாம். விழா மைதானத்தை ஒட்டி நிற்கும் ராட்சத பீப்பாயைப் பார்த்து மலைக்க வேண்டாம். 1934இல் கட்டப்பட்ட அது 17 லட்சம் லிட்டர் கொள்ளும் அளவுடையது. ஒரு சொட்டு ஒயினும் அதில் ஊற்றப்பட்டதில்லை. உள்ளே உணவகம் நடக்கிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை இது முழுக்க அசைவர்களின் விழா. பன்றி இரைப்பைக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்து வேகவைக்கும் சௌமாகன் இந்த வட்டாரத்தின் பெருமை. இந்த மண்ணின் மைந்தரான ஹெல்முட் கோல் ஜெர்மனியின் சான்சலராக இருந்தபோது, அருகிலுள்ள டைடெஸ்ஹைமில் தாட்சருக்கும் கோர்பசேவுக்கும் இதைத்தான் பரிமாறவைத்தார். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு டாம்ப்நூடல் உண்டு: அடியில் உப்பு மொறுமொறுப்பு ஏறிய, ஆவியில் வெந்த ரொட்டி உருண்டை, ஒயின் சாஸுடன். நன்றாகவே இருக்கும். ஆனால் மூன்று வேளையும் அதையே சாப்பிட முடியாது.

இதற்கு நேர் எதிர்முனை நவம்பர் மாத மெரானோ ஒயின் ஃபெஸ்டிவல். ஹெல்முட் கோஹர் 1992இல் தொடங்கியது. இடம் கூர்ஹவுஸ் என்ற நீராட்ட மாளிகை. அதன் பழைய பகுதி 1874இல் வந்தது. 1914இல் திறந்த பெரிய மண்டபம் ஆர்ட் நூவோ பாணியில் அமைந்தது. அலங்கார விளக்குகளின் கீழ், தேர்ந்தெடுக்கப்பட்ட தயாரிப்பாளர்கள் மேசை போட்டு நிற்கிறார்கள். நீங்கள் கிளாஸை நீட்டுகிறீர்கள். அவர் இரண்டு வாய்க்கு ஊற்றுகிறார். நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள். பிறகு வாளியில் துப்புகிறீர்கள். துப்பக் கூச்சப்படுபவர்கள் ஒரு மணி நேரத்தில் மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். டிக்கெட் மலிவு அல்ல, வருபவர்களில் வணிகர்களும் உணவகக்காரர்களும் நிறைய. பிடித்த ஒயினைச் செய்தவரிடமே, எந்தச் சரிவில் விளைந்தது, எவ்வளவு காலம் மரப்பீப்பாயில் கிடந்தது என்று கேட்கும் ஆர்வம் இருந்தால் மட்டும் கொடுத்த காசுக்குப் பலன். வெள்ளை ஒயின்களில் தொடங்குங்கள். தென் டிரோலின் கருஞ்சிவப்பு லாக்ரைனை முதலிலேயே எடுத்துக்கொண்டால் பல்லும் நாக்கும் கறுத்து, அடுத்து வருவது எதுவும் உறைக்காது.

என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவருக்கு நவம்பர் வேண்டாம். அது பரீட்சை அறை. கற்றுக்கொள்ள நல்ல இடம்தான், ஆனால் திருவிழா என்ற சொல்லுக்கு நாம் தரும் பொருள் அங்கே இல்லை.

அக்டோபரின் மூன்றாம் வார இறுதியில் அதே மெரானோவில் நடக்கும் திராட்சைத் திருவிழா வேறு உலகம். 1886இல் தொடங்கியது. பித்தளை வாத்தியக் குழுக்கள், மலைக்கிராம உடைகள், திராட்சையும் ஆப்பிளும் சுமந்த அலங்கார வண்டிகளின் ஊர்வலம். 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு வந்த ஐரோப்பியச் சீமான்கள் இலையுதிர்காலத்தில் திராட்சைப் பழத்தையே மருந்தாகச் சாப்பிட்டார்கள்; ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் வந்து தங்கிய பிறகு ஊரின் மதிப்பு இன்னும் ஏறியது. விழாவில் ஒயின் உண்டு, ஆனால் அதுவே எல்லாமும் அல்ல. ஒயினுக்காக மட்டும் போகிறவர் ஊர்வலம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அப்படிப் பார்ப்பவருக்குத்தான் மலைச்சரிவுப் பண்ணைவீடுகள் இருக்கின்றன. அறுவடை முடிந்ததும் டோர்கெலன் என்ற வழக்கம் தொடங்கும். பண்ணைக்குப் பண்ணை நடந்துபோய், இன்னும் முழுதாகப் புளித்து முடியாத புது ஒயினைக் குடித்து, சுட்ட செஸ்ட்நட் கொட்டைகளை வெண்ணெய் தடவிச் சாப்பிடுவது. பார்லி சூப், பசலைக்கீரையும் பாலாடைக்கட்டியும் அடைத்த ஷ்லுட்ஸ்கிராப்ஃபன், மொறுமொறுப்பான ஷூட்டெல்பிரோட் ரொட்டி, புகையூட்டிய ஸ்பெக் இறைச்சி என்று மேசை நிறையும். மூன்று விழாக்களின் சாப்பாட்டையும் தட்டில் வைத்து ஒப்பிட்டால் இதற்கு அருகில் எதுவும் வராது. மரக்கறிக்காரர்களும் இங்கே பசியோடு திரும்ப மாட்டார்கள்.

நீராட்டத்தில் போட்டியே இல்லை. மெரானோவில் 2005இல் திறந்த தெர்மே என்ற வெந்நீர்க் குளியலகம், கூர்ஹவுஸுக்கு எதிரே பாசர் ஆற்றின் மறுகரையில் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடத்துக்குள் வெதுவெதுப்பான குளங்கள், வெளியே மலைகள். காலையில் குளித்துவிட்டு மாலையில் ஒயினுக்குப் போங்கள். வரிசையை மாற்றினால் வெந்நீரில் மயக்கம் வரும். பாட் டூர்க்ஹைமின் பங்குக்கு ஒரு விசித்திரம் உண்டு: உப்பு ஊற்றுநீர் முள்விறகுக் கட்டுகள் வழியே சொட்டும் நீண்ட மரச்சுவர். அதன் ஓரமாக நடந்தால் கடற்கரைக் காற்று மூக்கில் ஏறும். முந்தைய இரவின் தலைவலிக்கு அது போதும்.

போய்ச்சேருவதில் ஜெர்மனி சுலபம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி மான்ஹைம் போனால், அங்கிருந்து டிராம் நேராகப் பாட் டூர்க்ஹைமுக்கே வருகிறது. விழா நாட்களில் ஊருக்குள் அறை கிடைக்காவிட்டாலும் மான்ஹைமிலோ நோய்ஸ்டாட்டிலோ தங்கிக்கொள்ளலாம். மெரானோவுக்கு மியூனிக் அல்லது வெரோனாவிலிருந்து ரயிலில் போல்சானோ வந்து, கிளை ரயிலில் முக்கால் மணி நேரம். காரை மறந்துவிடுங்கள், இரு நாடுகளிலும் ஓட்டுநரின் ரத்தத்தில் மதுவுக்கான வரம்பு ஆயிரத்துக்கு 0.5தான், ஒரு டுப்பேகிளாஸ் அதைத் தாண்டவைத்துவிடும். இரு நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும் என்பதால் சிலர் செப்டம்பர் கடைசியில் ஜெர்மனியை முடித்து, அக்டோபர் நடுவில் மலைக்கு ஏறுகிறார்கள். விடுப்பு அவ்வளவு நீளாதவர்கள் மெரானோவின் அக்டோபரை எடுத்துக்கொள்ளட்டும். கூட்டத்தின் கும்மாளம்தான் வேண்டும் என்றால் வூர்ஸ்ட்மார்க்ட்; அதிலும் திங்கள், செவ்வாயில் போனால் பெஞ்சில் இடம் கிடைக்கும்.