பிரெஸ்ஸா, வென்யூ, நெக்ஸான்: பத்து வருடம் ஓட்ட எந்த மேனுவல்?

2021-இல் கார் எடுக்கும்போது என் பட்டியலில் இருந்தவை மூன்றுதான். மாருதி பிரெஸ்ஸா 1.5 பெட்ரோல், ஹூண்டாய் வென்யூ 1.2 பெட்ரோல், டாடா நெக்ஸான் 1.2 டர்போ பெட்ரோல். மூன்றுமே மேனுவல் கியர். ஒரு வண்டி வாங்கினால் பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்து ஓட்டுகிற வீடு எங்களுடையது. அதனால் சன்ரூஃப், ஸ்க்ரீன் அளவெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. வயதான பிறகு எது நம்மைக் குறைவாகச் செலவு செய்ய வைக்கும் என்பது மட்டும்தான் கேள்வி. பிரெஸ்ஸாவை எடுத்தேன். ஓடோமீட்டர் எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்ட இன்றைக்கும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

காகிதத்தில் பார்த்தால் நெக்ஸான்தான் ஜெயிக்கும். 1199 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ (இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்து பலம் கூட்டும் விசிறி), 120 குதிரைத் திறன், 170 நியூட்டன் மீட்டர் டார்க் (அதாவது திருப்பும் விசை, இழுவை), ஆறு கியர். பிரெஸ்ஸா 1462 சிசி, நான்கு சிலிண்டர், 105 குதிரைத் திறன், 138 நியூட்டன் மீட்டர். வென்யூ 1197 சிசி, அதுவும் நான்கு சிலிண்டர்தான், 83 குதிரைத் திறன், 114 நியூட்டன் மீட்டர். பின்னால் சொன்ன ரெண்டுக்கும் டர்போ கிடையாது, கியரும் ஐந்துதான்.

பாதுகாப்பில் நெக்ஸானோடு யாரும் வாதிட வேண்டியதில்லை. 2018-இல் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்திய வண்டி அது. பழைய பிரெஸ்ஸா அதே வருடம் நான்கு வாங்கியது. சர்வீஸ் சென்டர் எண்ணிக்கையில் மாருதி முன்னால், ரீசேல் விலையிலும் அதற்குத்தான் கை ஓங்கும். இதெல்லாம் ஊரறிந்த விஷயம்.

என் முடிவைத் தீர்மானித்தது கிளட்ச், இஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிரிக்கும் பாகம்.

மேனுவல் வண்டியில் இஞ்சின் அவ்வளவு சீக்கிரம் படுக்காது. ஆயில் ஒழுங்காக மாற்றினால் இந்த மூன்றும் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கிளட்ச் பிளேட் என்பது தேய்வதற்காகவே செய்த பொருள். வாரண்டி காலத்திலேயே தேய்ந்தாலும் "வேர் அண்ட் டேர்", அதாவது வழக்கமான தேய்மானம் என்று சொல்லி நம் தலையில்தான் கட்டுவார்கள். அதை மாற்றுவதும் சின்ன வேலையில்லை. வண்டியைத் தூக்கி, இஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, ரெண்டு பக்கமும் சக்கரத்தைச் சுற்றவைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டை உருவி, கியர்பாக்ஸையே கீழே இறக்க வேண்டும். அவ்வளவும் கழற்றிய பிறகு வெறும் பிளேட்டை மட்டும் மாற்றி மூடுவது புத்திசாலித்தனம் இல்லை. பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் சேர்த்து செட்டாகத்தான் போட வேண்டும். ஒரு ஒர்க்ஷாப்பில் அப்படிப் பிரித்துப் போட்டிருந்த ஒரு செட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பிளேட்டின் லைனிங் ரிவெட் தலை வரைக்கும் தேய்ந்து, அது உரசும் இரும்பு முகத்தில் நீலம் நீலமாகத் திட்டு விழுந்திருந்தது. சூட்டில் வெந்த இரும்பின் நிறம் அது. ஓட்டியவர் வேகக்காரரும் இல்லை, டவுனுக்குள் நிதானமாக ஓட்டுகிறவர்தான்.

வெறும் வேகம் கிளட்சைத் தின்பதில்லை. நின்ற வண்டியை நகர்த்தும் அந்த ரெண்டு மூன்று நொடிகள்தான் தின்கின்றன. இஞ்சின் ஒரு வேகத்தில் சுற்ற, சக்கரம் அசையாமல் நிற்க, நடுவில் பிளேட் வழுக்கி வழுக்கித்தான் ரெண்டையும் சேர்த்து வைக்கிறது. கிளட்சை விடுகிற அந்த நேரத்தில் இஞ்சின் சுமார் 1,000 முதல் 1,500 ஆர்பிஎம்-இல் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இருக்கும். நெக்ஸானின் 170 நியூட்டன் மீட்டர் முழுசாக வருவதோ 1,750-க்கு மேல். அதற்குக் கீழே டர்போ முழுசாக விழித்திருக்காது. ஒரு கனமான வண்டியை 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் இஞ்சின் ஏறக்குறைய தன் சொந்த பலத்தில் இழுக்க வேண்டியிருக்கும். இஞ்சின் திணறும், அணையப் பார்க்கும். உடனே நம் வலது கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும், இடது கால் கிளட்சைப் பாதியில் பிடிக்கும். அந்தப் பாதிப் பிடிதான் தேய்மானம். பிரெஸ்ஸாவின் 138 உச்சிக்கு வருவது 4,400 ஆர்பிஎம்-இல்தான் என்றாலும், 1.5 லிட்டர் இஞ்சின் என்பதால் அடிமட்டத்திலேயே கைகொடுக்கிற இழுவை இருக்கிறது. சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விட்டாலே வண்டி நகர்ந்துவிடும்.

மலையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, வளைவின் உள்பக்கம் செங்குத்தாக ஏறும் இடத்தில் எதிரே பஸ் வந்து நிற்கிறது. நாமும் நிறுத்தி, திரும்ப எடுக்க வேண்டும். பிரெஸ்ஸாவில் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து முதல் கியரில் எடுத்தால் கிளட்ச் கருகும் வாடை எதுவும் இல்லாமல் ஏறிவிடுகிறது. மச்சான் வைத்திருக்கும் ஒரு டர்போ பெட்ரோல் வண்டியில் அதே மாதிரி இடத்தில் கொஞ்சம் தூக்கி முடுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஏறி முடித்து கண்ணாடியை இறக்கினால் கருகிய வாசனை. ஆனால் ஒருமுறை நகர்ந்து ஓடத் தொடங்கிவிட்டால் அந்த வண்டியின் பாய்ச்சலை என் வண்டியில் எதிர்பார்க்கவே முடியாது. உடுமலை ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது எனக்கு மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது, மச்சானுக்கு நான்காவதே போதும்.

வென்யூ 1.2-ஐப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் குறைவு. அக்கா வீட்டு வண்டியை அவ்வப்போது ஓட்டியதுதான். கிளட்ச் பெடல் மூன்றிலும் மென்மையானது அதில்தான், மற்ற ரெண்டையும் விட வண்டியும் லேசு. ரெண்டு மூன்று பேர் டவுனுக்குள் ஓட்டுவதற்கு நிறைவான வண்டி. ஆள் நிறைந்து மேடு வந்தால் மட்டும் 114 நியூட்டன் மீட்டர் போதாமல் முதல் கியரிலேயே நீண்ட நேரம் கிடக்க வேண்டியிருக்கிறது. நீண்ட நாள் உழைப்பில் இந்த இஞ்சினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தானாகவே கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். அதே வென்யூவில் வரும் 1.0 டர்போவில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. அந்த வகை இஞ்சின்களில் வருடக்கணக்கில் வால்வின் முதுகில் கரி படிவது தெரிந்த விஷயம். பத்து வருடக் கணக்குப் போடுகிறவர் வென்யூவில் 1.2-ஐ எடுப்பதே நல்லது.

டர்போ வைத்தவர்கள் ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. டர்போவின் சுழலும் தண்டு ஆயிலில்தான் மிதக்கிறது. தப்பான கிரேடு, தாமதமான மாற்றம் ரெண்டும் முதலில் அடிப்பது அதைத்தான். டர்போ இல்லாத இஞ்சின் அப்படியான அசட்டையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வீட்டில் நாலு பேர் மாறி மாறி ஓட்டுகிற வண்டிக்கு அந்தப் பொறுமை பெரிய விஷயம்.

என் வண்டிக்கு எதிரான ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பிரெஸ்ஸாவின் இஞ்சின் 1462 சிசி என்பதால் அதற்கு 40. புதிதாக வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒரு கிளட்ச் செட் செலவை விடப் பல மடங்கு. ஆகவே இன்றைக்கு ஷோரூமில் நிற்பவருக்கு என் வாதம் பாதிதான் செல்லும். தினமும் ஹைவே, மலைப் பயணம் அரிது என்றால் நெக்ஸானைத் தயங்காமல் எடுக்கலாம். மூன்று, நான்கு வருடம் ஓடிய வண்டி தேடுகிறவருக்கு என் வாதம் முழுசாகவே பொருந்தும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் கிளட்சை இப்படிப் பாருங்கள். சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இஞ்சின் உடனே அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நாமே தேய்த்துவிடுவோம். அப்புறம் ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் நாற்பதில் போய் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளினால், விலையில் ஒரு முழு கிளட்ச் செட்டையும் கியர்பாக்ஸ் இறக்கும் கூலியையும் கழித்துக் கேளுங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டி என்றால் பெட்ரோல் ஹோஸையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதை மனதில் வைத்துச் செய்த ரப்பர் பாகங்கள் பழைய வண்டிகள் எல்லாவற்றிலும் இருக்காது.