துன்ப காலத்துக்கான ஒரு வேத வாசிப்புத் திட்டம்: பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

தேவனுடைய இறையாண்மையை மையமாக வைத்து, துன்பத்தின் நடுவில் இருப்பவர்களுக்கென்றே அமைக்கப்பட்ட ஒரு மாத வேத வாசிப்புத் திட்டத்தை, எங்கள் வீட்டில் நோய் நீண்டிருந்த காலத்தில், கைப்பேசிச் செயலி ஒன்றில் முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை பின்பற்றினேன். ஒவ்வொரு நாளும் ஒரு வேதப் பகுதி, அதற்கு ஒரு சிறிய ஒலி விளக்கம், எழுத்தில் ஒரு ஜெபம், முடிவில் சிந்திப்பதற்கு ஒரு கேள்வி என்பதே அதன் அமைப்பு. இப்படிப்பட்ட திட்டங்கள் பல செயலிகளில் கிடைக்கின்றன. அவற்றை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: தேவனுடைய கைக்குப் புறம்பாக எதுவும் நடப்பதில்லை என்பதையும், அந்தக் கையின் கீழ் இருக்கிறவன் அழவும் முறையிடவும் கேள்வி கேட்கவும் உரிமை உள்ளவன் என்பதையும், ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடாமல் அது சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் திட்டம் முதலாவதை மிக நன்றாகச் செய்கிறது, இரண்டாவதில் தயங்குகிறது.

சகோதரரால் குழியில் தள்ளப்பட்டு எகிப்துக்கு விற்கப்பட்ட யோசேப்பைப் பற்றிய பாடங்களே இதன் பெரிய பலம். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற கருத்துள்ள ஆதியாகமம் 50:20, ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் முதலில் எடுக்கும் வசனங்களில் ஒன்று. விளக்கம் அளிப்பவர் அதை உடனே கையில் எடுக்காமல், யோசேப்பின் வயதை வேதம் சொல்லும் இடங்களிலிருந்தே பொறுமையாகக் கணக்கிடுகிறார். 17 வயதில் அவன் கதை தொடங்குகிறது. பார்வோனுக்கு முன்பாக நிற்கும்போது வயது 30. செழிப்பின் 7 வருஷங்களும் பஞ்சத்தின் 2 வருஷங்களும் கடந்த பிறகே சகோதரருக்குத் தன்னை வெளிப்படுத்துகிறான். அதன்பின் யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து மரிக்கிறான். அந்த மரணத்துக்குப் பிறகுதான் இந்த வாக்கியம் வருகிறது. ஆகவே குழியில் தள்ளப்பட்ட நாளுக்கும் இந்த வார்த்தைக்கும் நடுவே ஏறக்குறைய 40 ஆண்டுகள் இருக்கின்றன. அதைச் சொன்னவன் துன்பப்பட்டவனே. அவன் அதைச் சொன்னது, தனக்குத் தீங்கு செய்து இப்போது பயந்து நிற்பவர்களின் மனதைத் தேற்றுவதற்காக. குழியில் கிடந்த 17 வயதுச் சிறுவனிடம் யாரும் வந்து இந்த வசனத்தைச் சொல்லவில்லை. துன்பப்படுகிறவரிடம் இந்த வசனத்தை எப்போது, யார் சொல்லலாம் என்பதை இவ்வளவு மென்மையாகக் கற்பிக்கும் விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அதே பாடம் இன்னொரு ஆபத்தையும் தவிர்க்கிறது. எல்லாம் தேவனுடைய ஆளுகைக்குள் நடக்கிறது என்று சொல்லும்போது, பாவத்தை அவர்மேலேயே சுமத்திவிடும் பிழை எளிதில் நேரும். அப்போஸ்தலர் 2:23-இல் பேதுரு, இயேசு தேவனுடைய தீர்மானத்தின்படி ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்றும், அவரைக் கொன்றவர்கள் அக்கிரமக்காரர் என்றும் ஒரே மூச்சில் சொல்வதை எடுத்துக்காட்டி, ஒன்று மற்றதை அழிப்பதில்லை என்று விளக்குகிறார்கள். 1646-இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் (சீர்திருத்தச் சபைகளின் உபதேசத் தொகுப்பு) தேவன் பாவத்துக்குக் காரணர் அல்லர் என்பதை இந்த இடத்தில்தான் வலியுறுத்துகிறது. மற்றொருவருடைய கொடுமையால் காயப்பட்டு இந்தத் திட்டத்துக்குள் வருகிறவருக்கு இந்த வேறுபாடு மிக அவசியமானது.

பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் பகுதியில்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். முதல் அதிகாரத்தில், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று அவர் தொழுதுகொண்டதை ஒரு நாளும், 38-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பேசியதை மறுநாளும் வாசிக்கச் சொல்கிறார்கள். 42 அதிகாரங்கள் உள்ள ஒரு புத்தகத்தில் 3 முதல் 37 வரையிலான 35 அதிகாரங்கள் அப்படியே கைவிடப்பட்டிருக்கின்றன. அங்கேதான் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அங்கேதான் தேவனோடு வழக்காட வேண்டும் என்கிறார். "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்ற அறிக்கையும் அங்கேதான், 19-ஆம் அதிகாரத்தில், புலம்பலின் நடுவிலிருந்து எழுகிறது. அவருடைய நண்பர்களின் பேச்சை விட்டுவிட்டது அதைவிடப் பெரிய இழப்பு. அவர்களில் ஒருவனான எலிப்பாஸ் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பவுல் 1 கொரிந்தியர் 3:19-இல் வேதவாக்கியமாகவே எடுத்தாளுகிறார். அதாவது தேவனுடைய வல்லமையைப் பற்றி அந்த மனிதர்கள் சொன்னவற்றில் உண்மை நிறையவே இருந்தது. இருந்தும் 42:7-இல் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூளுகிறது. முறையிட்ட யோபுவே நிதானமாய்ப் பேசினவர் என்கிறார். ஏழு நாள் தரையில் உட்கார்ந்து மௌனமாக இருந்த வரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தார்கள். இறையாண்மையைப் போதிக்கும் எந்தத் திட்டமும் இந்தப் பகுதியைத் தவிர்க்கக் கூடாது, ஏனெனில் சரியான உபதேசத்தைக் கொண்டே ஒரு மனிதனை நொறுக்கிவிட முடியும் என்று எச்சரிப்பது இதுதான்.

இதே தயக்கம் வேறு இடங்களிலும் தெரிகிறது. புலம்பல் புத்தகத்தின் ஐந்து அதிகாரங்களிலிருந்து, காலைதோறும் புதியவையான இரக்கங்களைப் பற்றிய இரண்டு வசனங்களை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் வரும் கசப்பின் வரிகளைக் காணோம். 88-ஆம் சங்கீதம் திட்டத்தில் இல்லவே இல்லை. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கி, கடைசி வரி வரைக்கும் வெளிச்சம் எதுவும் தென்படாமலேயே முடியும் அந்த ஜெபத்தைப் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கும்போது, நாம் ஏன் அதை மறைக்க வேண்டும்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் நல்ல முடிவை வாக்களிக்கும் எரேமியா 29:11-ஐ அழகான படத்தின்மேல் எழுதி, பகிர்வதற்காகத் தருகிறார்கள். அதற்கு முந்தைய வசனத்தில் 70 வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற செய்தி இருப்பதையும், அந்நிய தேசத்திலேயே வீடு கட்டித் தோட்டம் நாட்டுங்கள் என்ற கட்டளை அதே கடிதத்தில் இருப்பதையும் ஒரு வரியிலாவது சேர்த்திருக்கலாம்.

ஆனால் அப்போஸ்தலர் 12-ஐப் பற்றிய பாடத்துக்காகவே இந்தத் திட்டத்தை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். ஏரோது யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்கிறான். பின்பு பிடிக்கப்பட்ட பேதுருவைத் தேவதூதன் வந்து சிறையிலிருந்து விடுவிக்கிறான். ஒரே அதிகாரம், ஒரே ராஜா, இருவரும் இயேசுவோடு நெருங்கி நடந்தவர்கள். ஒருவன் ஏன் தப்பினான், மற்றவன் ஏன் தப்பவில்லை என்பதற்கு இந்தப் புத்தகத்தை எழுதிய லூக்கா ஒரு காரணமும் எழுதவில்லை. விளக்கம் அளிப்பவரும் அந்த இடைவெளியை நிரப்ப முயலவில்லை. தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், தப்புவிக்காமற்போனாலும் வணங்க மாட்டோம் என்ற தானியேல் 3-இல் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூவரின் பதிலை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். பக்கத்து வீட்டாருடைய ஜெபம் கேட்கப்பட்டு நம்முடையது கேட்கப்படாததுபோல் தோன்றும் நாட்களில், தாங்கி நிற்கக்கூடிய பாடம் இது.

எல்லாம் தேவன் தீர்மானித்தது என்றால் சிகிச்சையும் முயற்சியும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அப்போஸ்தலர் 27 தரப்பட்டிருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலில் இருந்த 276 பேரில் ஒருவருக்கும் பிராணச்சேதம் வராது என்று வாக்குப் பெற்ற அதே பவுல், கப்பலாட்கள் ஓடிப்போனால் நீங்கள் தப்பமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை, அவர்களும் நீட்டவில்லை.

செயலியின் வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரல் நிதானமானது, பின்னணி இசை இல்லை, இணையம் இல்லாத இடத்திலும் கேட்கும்படி சேமித்துக்கொள்ளலாம். ஒரு நாள் வாசிக்கத் தவறினால் தொடர் வாசிப்பின் எண்ணிக்கை அறுந்துவிட்டது என்று அறிவிப்பு வருவதை உடனே நீக்க வேண்டும். மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்த ஒருவருக்கு, தேவனுக்கு முன்பாகவும் தவறிவிட்டோம் என்ற பாரத்தை அந்த அறிவிப்பு கூட்டுகிறது.

துக்கத்தின் முதல் நாட்களில் இருப்பவருக்கு இதைத் தனியாக அனுப்பிவைக்காதீர்கள். சங்கீதம் ஒன்றை அவரோடு உட்கார்ந்து வாசிப்பது போதும். நோயோ இழப்போ நீண்டு, கேள்விகள் மெல்ல எழத் தொடங்கியிருப்பவருக்கு இது மிகவும் உதவும். அப்படிப்பட்டவர் அப்போஸ்தலர் 12-இல் தொடங்கி, பின்பு யோசேப்பின் பாடங்களுக்குச் செல்லட்டும். யோபுவின் பாடங்கள் வரும்போது மட்டும் செயலியை மூடிவைத்துவிட்டு, 3-ஆம் அதிகாரத்திலிருந்து வேதாகமத்திலேயே முழுமையாக வாசிக்கட்டும்.